கடையில் நிற்கும் நம் பிள்ளைகள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

   

வெள்ளி விழாவில் வளர்ச்சியைப் புகழ்வது மரபு. இக்கழகத்தின் மாலை வகுப்புகளில் பயின்று தேறிய நம் பிள்ளைகளை எண்ணி நாம் பூரிக்கின்றோம். அது நியாயமே. ஆனால், தேறிய பிள்ளைகள் எங்கே போனார்கள், எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதையும் இந்நாளில் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறைப்படி வலையிடும் உரிமை நம் குடும்பங்களுக்கு இருந்ததில்லை. கரையோரத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தோம். காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தும் நிலையான வேலை நம்மில் பலருக்கு எட்டவில்லை. ஆகவே நம் பெண்கள் விடியற்காலையில் மீஞ்சூரில் மின்தொடர் வண்டி ஏறி, சென்னையின் ஜவுளிக்கடைகளுக்கு விற்பனைப் பணிக்குச் செல்கின்றனர்.

அங்கே கடை முதலாளியை அவர்கள் காண்பதில்லை, காண்பது மேலாளரைத்தான். நம் ஊர்ப் பெண்ணொருத்தி, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் சுவரில் சாய்ந்து நின்றாள். அதற்காகப் பலர் முன்னிலையில் மேலாளர் அவளை ஏசினார். அவள் ஊரையும் பிறப்பையும் இழுத்துப் பேசினார். அருகில் நின்ற பத்துப் பேரும் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தனர். ஏச்சைவிட அந்த மௌனமே தன்னைச் சுட்டது என்று அவள் நம்மிடம் சொன்னாள்.

2010-ஆம் ஆண்டில் வசந்தபாலன் இயக்கத்தில் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் தியாகராய நகர்க் கடை ஊழியரின் அவலத்தை நாடறியச் செய்தது. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட நாமே, வீட்டுக்கு வந்து அழும் மகளிடம், ‘பொறுத்துப் போம்மா’ என்கிறோம். நம் வறுமை அப்படிப் பேச வைக்கிறது. ஆயினும் அந்தப் பொறுமைதான் மேலாளரின் பலம் என்பதை நாம் உணர வேண்டும்.

கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பொறுத்துப் போகவில்லை. தையல் தொழிலாளியான விஜி என்பாரின் முயற்சியால் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் ஒன்று கூடினர். கழிப்பறை கேட்டனர், உட்கார இருக்கை கேட்டனர். நகைத்தவர் பலர். ஆனால் 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. ஆகவே வேலையில்லாத வேளையில் உட்காருவது மேலாளர் போடும் பிச்சையன்று, உரிமை.

அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த 1946-இல்தான் ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட நம் மாநிலக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம்.

கடுஞ்சொல் ஒவ்வொன்றுக்கும் சட்டம் இல்லைதான். எனினும் பிறர் அறியச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லை தந்தால் 2013-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் கடையில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சிறு கடையானால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.

ஆனால் சட்டம் தானாக நடந்து கடைக்குள் வராது. என்று, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், அருகில் நின்றவர் யார் என்று அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். தனியாகப் போனால் வேலை போகும் என்ற அச்சம் பொய்யன்று. ஆகையால் நால்வராகச் சேர்ந்து கையொப்பமிட்டுப் போக வேண்டும். வாய்ச்சொல்லை மேலாளர் மறுத்துவிடலாம். தேதியிட்ட தாளை மறுப்பது எளிதன்று.

எழுதத் தெரிந்த தலைமுறையை இக்கழகம் உருவாக்கிவிட்டது. இனி அந்த எழுத்து தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. ஞாயிறுதோறும் இவ்வகுப்பறையில் ஒரு மேசையை இட்டு, கடைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு மனு எழுதக் கற்பிப்போம் என்பதே நாம் வைக்கும் வேண்டுகோள். அடுத்த முறை மகள் அழுதுகொண்டு வந்தால், ‘பொறுத்துப் போ’ என்னாமல், ‘நடந்ததை எழுது, நாங்கள் உடன் வருகிறோம்’ என்று சொல்வோம்.

 ஜெய்பீம்!