அவராயர் களமும் யெரெவான் சிலையும்



ஆர்மீனிய மொழியின் முதல் இதழான 'அஸ்தரார்' 1794-ல் அச்சானது நம் சென்னையில். அந்த மொழி பேசும் மக்களின் தலைநகரான யெரெவானில் நிற்கும் ஒரு சிலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

செப்புத் தகட்டை அடித்து உருவாக்கிய சிலை. பாயும் குதிரை, அதன்மேல் ஆர்மீனியப் படைத்தலைவன் வர்தான் மாமிகோனியன். வடித்தவர் யெர்வந்த் கோச்சார். நிறுவிய ஆண்டு 1975. அந்த ஆண்டைக் கவனியுங்கள்! மதத்தை ஒதுக்கிவைத்த சோவியத் ஆட்சிக் காலம். அப்போது, வழிபாட்டு உரிமைக்காக உயிர்விட்டவனுக்கு நகரின் நடுவே சிலை! மக்கள் நெஞ்சில் அவன் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும்!

ஐந்தாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசன் இரண்டாம் யஸ்தகர்து, ஆர்மீனியர்கள் கிறித்தவத்தைக் கைவிட்டு ஜொராஷ்டிர சமயத்தை ஏற்க வேண்டும் என்றான். பிரபுக்களைத் தன் அவைக்கு வரவழைத்தான். அவர்கள் பணிந்ததுபோல் நடித்து ஊர் திரும்பினார்கள். வர்தானும் அவர்களில் ஒருவன். கூடவே பாரசீகப் பூசாரிகளும் வந்தார்கள். ஆங்கெக் என்ற ஊரில் தேவாலயக் கதவை உடைக்க முனைந்தவர்களைத் தடியெடுத்து விரட்டியது யார்? படைத்தலைவர்களா? கெவோந்த் என்ற பாதிரியாரும் ஊர்ச் சனங்களும் ஐயா! சிலை வர்தானுக்கு இருக்கட்டும். என் முதல் வணக்கம் அந்த ஊராருக்கு.

451-ல் அவராயர் சமவெளியில் போர். யானைப்படையோடு வந்த பாரசீகம் வென்றது. வர்தான் களத்திலேயே மாண்டான். ஆர்மீனியர் தரப்பில் மடிந்தவர்கள் 1,036 பேர் என்று கணக்கெழுதி வைத்தார் வரலாற்றாசிரியர் யெகிஷே. ஆர்மீனியப் பிரபு வாசக் சியூனியின் பின்னால் எதிரணியில் நின்ற ஆர்மீனியர்களும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மாமிகோனியர் குடும்பம் விடவில்லை! வர்தானின் உடன்பிறந்தான் மகன் வாகன் மறுபடியும் கிளர்ந்தெழுந்தான். 484-ல் நுவார்சக் என்ற ஊரில் பாரசீகமே இறங்கிவந்து உடன்படிக்கை செய்தது. வழிபாட்டுக்குத் தடையில்லை என்று ஒப்புக்கொண்டது. அதோடு, மதம் மாறுகிறவனுக்குப் பட்டமும் பதவியும் தரக்கூடாது என்றொரு நிபந்தனை! மிரட்டியும் மாற்றாதே, ஆசை காட்டியும் மாற்றாதே என்று 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரரசிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்!

இந்தச் சிலையின் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 451-ஓடு நிறுத்திவிடாதீர்கள். 484-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.