வாயில்லா நோயாளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1808ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகருக்கு வடக்கே உள்ள நியூஸ்டெட் மாளிகையில், இருபது வயது இளைஞர் ஒருவர் நோயுற்ற தம் நாயின் அருகே அமர்ந்திருந்தார். இளைஞர், பின்னாளில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற கவிஞர் பைரன். நாய், நியூபவுண்ட்லாந்து இனத்தைச் சேர்ந்த போட்ஸ்வைன், வயது ஐந்து. வலிப்பு வரும்போதெல்லாம் அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிற்று. அதனைப் பைரன் வெறுங்கையால் ஒருமுறைக்கு மேல் துடைத்தார். வந்திருந்தது வெறிநோய், அந்நோயின் தன்மையை அவர் அப்போது உணர்ந்திருக்கவில்லை என்று தாமஸ் மூர் 1830இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். நவம்பர் 10ஆம் நாள் நாய் இறந்தது. கவிஞருக்குத் தீங்கு நேராமற் போனது வெறும் நற்பேறே.

அந்த நாய்க்குப் பைரன் எழுப்பிய கல்லறையையும், அதில் பொறித்த பாடலையும் இலக்கிய அன்பர் பலர் அறிவர். பாடலுக்கு முன் நிற்கும் உரைநடைப் பகுதி நண்பர் ஹாப்ஹவுஸ் எழுதியது என்பதைச் சிலர் அறிந்திருக்கலாம். ஆனால் கல்லறைக்கு முந்திய அந்தச் சில நாள்கள், என்ன நோய் என்றே தெரியாமல் ஒருவர் ஓர் உயிரின் அருகே விழித்திருந்த நாள்கள், அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாய் வளர்க்கும் எந்த வீட்டிற்கும் அந்த நாள்கள் புதியவை அல்ல.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. உரையாசிரியர்கள் நோயாளிக்குரிய பண்புகளுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துரைத்தலைக் குறிப்பர். நாயால் அது இயலாது. தலை சுற்றுகிறது என்றோ, நேற்று மாலை முதல் வயிறு வலிக்கிறது என்றோ அது சொல்லப்போவதில்லை. ஆகவே முதற்கூற்றின் கடமை நான்காம் கூற்றின் தோளில் விழுகிறது. பேணுபவனே நோயாளியின் நாவும் ஆகிறான். அவன் கண்டதையும் காணத் தவறியதையும் வைத்தே மருத்துவர் தொடங்க வேண்டியிருக்கிறது.

போட்ஸ்வைன் இறந்த மறு ஆண்டு, 1809இல், அம்மைத் தடுப்பு கண்ட எட்வர்ட் ஜென்னர் டிஸ்டெம்பர் என்னும் நாய்நோயைப் பற்றிக் கட்டுரை ஒன்றை அளித்தார். பெர்க்லி பிரபுவின் வேட்டை நாய்களைக் கூர்ந்து நோக்கி எழுதியது அது. வெறிநோய் வேறு, இந்நோய் வேறு என்று பிரித்துக் காட்டியமை அதன் சிறப்பு. அக்காலத்தில் இப்பிரிவு வெறும் ஏட்டறிவு அன்று. டிஸ்டெம்பரிலும் வலிப்பு உண்டு, தள்ளாட்டம் உண்டு. பெயரை மாற்றிச் சொன்னால் பிழைக்கக்கூடிய நாய் சுட்டுக் கொல்லப்படும், அல்லது தொடக்கூடாத நாயைக் குழந்தை தொடும். டிஸ்டெம்பருக்குக் காரணம் நுண்ணுயிரியினும் சிறிய வைரஸ் என்று பிரான்சு நாட்டுக் காரே 1905இல் காட்டியும், அது பாக்டீரியாவால் வருவது என்றே பலர் இருபது ஆண்டுகள் வாதிட்டனர். லண்டன் மில்ஹில் ஆய்வகத்தில் லெய்ட்லாவும் டங்கினும் காரேயின் கூற்றை உறுதிசெய்து, 1920களின் இறுதியில் தடுப்பூசியும் கண்டனர்.

நம் வீடுகளுக்கு வருவோம். நேற்றுவரை வாசலில் துள்ளிய நாய் இன்று தட்டில் வைத்த சோற்றை முகர்ந்துவிட்டு நகர்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் வாலை மட்டும் அசைக்கிறது. காது மடல் சுடுகிறது. வெயிலின் களைப்பு என்கிறார் வீட்டுப் பெரியவர். கண்டதைத் தின்றிருக்கும் என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டாம் நாள் மூக்கிலிருந்து இரத்தம் கசிகிறது. அப்போதுதான் வீடு பதறுகிறது.

நம் நாட்டு வெப்பத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது உண்ணிக் காய்ச்சல். அதுவும் ஒரே நோயன்று. எர்லிக்கியா என்னும் கிருமி வெள்ளணுக்களிற் குடிபுகும். தட்டணுக்கள் குறைந்து இரத்தம் கசியும். பேபிசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறம் கொள்ளும். இரண்டும் ஒரே நாயிடம் இருத்தலும் உண்டு. இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும்போது கிருமி தென்பட்டால் ஐயம் தீர்ந்தது. தென்படாவிட்டால் நோய் இல்லையென்று பொருளன்று. அந்தத் துளியில் அகப்படவில்லை, அவ்வளவே. எலி மருந்து தின்ற நாய்க்கும் இரத்தம் கசியும். எனவே மருத்துவர் சில வேளைகளில் முடிவு வருமுன்பே டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடுகிறார். பெயர் தெரியாத நோய்க்கு மருந்தா என்று வீட்டார் மனங்குமைவது இயல்பு. ஆனால் காத்திருந்தால் நாய் காத்திருக்காது.

இங்கேதான் பேணுபவனின் சொல்லுக்கு மதிப்பு. கடைசியாக எப்போது உண்டது, நீர் குடித்ததா, சிறுநீரின் நிறம் என்ன, உண்ணி கண்டீர்களா, எலிப்பொறி மருந்து வைத்தீர்களா, தடுப்பூசி எந்த மாதம்? இவற்றுக்குக் "கவனிக்கவில்லை" என்னும் விடையே மிகுதியாகக் கிடைக்கிறது. நாள்காட்டியின் ஓரத்தில் கிறுக்கிவைத்த நான்கு வரிகூட அந்நேரத்தில் உதவும். தமக்கு வாங்கிய வலிமாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிட்டு அதைச் சொல்லக் கூசுவோரும் உளர். இபுப்ரோபென் போன்றவை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். மறைத்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடி அலைவார்.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். வெறிநோய் எப்போதும் கடித்துக் குதறும் வடிவில் வருவதில்லை. தாடை தொங்கி, விழுங்க முடியாமல், சாதுவாகக் கிடக்கும் நிலையும் அதற்குண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கத்தோடு வாய்க்குள் கைவிட்டவர்கள் பலர். உயிரோடிருக்கும் நாயிடம் இந்நோயை ஐயமற உறுதிசெய்ய இன்றும் நம்பத்தக்க வழியில்லை; இறந்தபின் மூளையைச் சோதித்தே சொல்ல முடியும். மூளை உயிரணுக்களில் அதன் அடையாளத்தை இத்தாலியர் நெக்ரி விளக்கியது 1903இல். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். கையில் கீறலிருந்து எச்சில் பட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீருமாகக் கால்மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். நாய் பிழைக்குமா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருத்தல் ஆகாது.

பைரன் 1811இல் எழுதிய உயிலில் தம் உடலை அந்த நாயின் அருகிலேயே புதைக்குமாறு கேட்டிருந்தார். பின்னர் மாளிகையே விலைபோயிற்று. 1824இல் கிரேக்க நாட்டு மிசோலங்கியில் அவர் காய்ச்சலிற் படுத்தார். சூழ நின்ற மருத்துவர்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. மீண்டும் மீண்டும் இரத்தம் வடித்தார்கள். ஏப்ரல் 19ஆம் நாள் உயிர் பிரிந்தது. அது மலேரியாவா, உண்ணியால் வந்த காய்ச்சலா என்று பிற்கால மருத்துவர்கள் இன்னும் வழக்காடுகின்றனர். லயன் என்னும் மற்றொரு நியூபவுண்ட்லாந்து நாய் அப்போது அவருடன் இருந்தது. அவர் உடலை ஏற்றிச்சென்ற கப்பலிலேயே அதுவும் இங்கிலாந்து சென்றது.