ஒரு பேரெண் கற்பித்த பாடம்



நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இலக்கங்களில் எழுதினால் 429,49,67,297. இதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியனாகிய எனக்கே பாடம் கற்பித்த எண் இது.

இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்ட வருவதே நம் பேரெண். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640-இல் நம்பினார். நிறுவ மட்டும் அவரால் இயலவில்லை.

நான் பணியேற்ற புதிதில் இவ்வெண்ணை வகுப்பில் கொடுத்து, "இது பகு எண்ணா, பகா எண்ணா?" என்று கேட்டேன். ஒரு மாணவன் நூறுக்குட்பட்ட இருபத்தைந்து பகா எண்களாலும் பொறுமையோடு வகுத்துப் பார்த்து, "பகா எண்" என்று எழுதினான். அவன் உழைப்பில் மகிழ்ந்து, சிவப்பு மையால் 'சரி' என்று குறியிட்டேன். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 65,536-ஐச் சற்றே கடந்தது. அதுவரை உள்ள பகா எண்கள் 6,542. அவன் சோதித்தவை இருபத்தைந்தே! அன்றிரவு நூலொன்றைப் புரட்டியபோதுதான் என் பிழை விளங்கிற்று.

1732-இல், இருபத்தைந்து வயதினரான ஆய்லர், இவ்வெண் 641-ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டார். ஈவு 67,00,417. இதன் காரணி எதுவாயினும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும் என்றும் அவர் பின்னர் நிறுவினார். அவ்விதிப்படி சோதிக்கத்தக்க பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாம் முயற்சியிலேயே விடை! ஆயிரக்கணக்கான வகுத்தல்களை ஒரு சிந்தனை மிச்சப்படுத்திவிட்டது.

இனி இவ்வெண்ணை வகைப்படுத்துவோம். இது ஒற்றை எண். இரண்டே பகாக் காரணிகளை உடைய பகு எண். தன்னை ஒழித்த மற்றக் காரணிகளாகிய 1, 641, 67,00,417 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 67,01,059. அஃது எண்ணைவிடக் குறைவு. ஆதலின் இது குறை எண். 65,536-இன் வர்க்கமும் ஒன்றின் வர்க்கமும் சேர்ந்தது என்பது மற்றொரு சிறப்பு. பெர்மாவின் வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை அகப்படவில்லை.

மறுநாள் வகுப்பிலே, நான் இட்ட 'சரி'யை நானே அடித்தேன். "பிழை உன்னுடையது மட்டுமன்று, தம்பி, என்னுடையதும்" என்றேன். அவன் முகத்தில் வாட்டம் இல்லை. "641 எப்படி ஐயா கிடைத்தது?" என்றே கேட்டான். பேரறிஞர் சொன்னார் என்பதும் ஆசிரியர் குறியிட்டார் என்பதும் நிறுவல் ஆகா. அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அவன் கேட்டதுதான்.