நின்றுபோகும் மாத்திரை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்ததும், "நல்லபடியா முடிஞ்சுதே" என்று உறவினர்கள் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஹார்மோன் சார்ந்த வகை என்றால் அதற்குப் பிறகும் ஒரு நீண்ட கட்டம் இருக்கிறது. டாமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரை தினம் ஒன்று. பொதுவாக 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு வரை. 5 ஆண்டு டாமாக்சிஃபென் எடுப்பதால் இந்த நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அப்படியிருந்தும் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் விடுகிறார்கள்? மருந்துக்கடை பில்லைப் பார்த்தால் எப்போது நின்றது என்று தெரியும், காரணம் தெரியாது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு இடத்தில் தேடினார்கள். அங்கே நோயாளிகள் மருத்துவமனையின் இணையதளம் வழியாகவே டாக்டருக்குச் செய்தி அனுப்புவது வழக்கம். அந்தச் செய்திகளைக் கணினி கொண்டு அலசி, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவிளைவு பற்றி எழுதியதற்கும் மாத்திரையை நிறுத்தியதற்கும் தொடர்பு தெரிந்தது. அதாவது, மனசு விட்டுப்போகும் முன்பே பலர் அதைச் சொல்லத்தான் செய்கிறார்கள்.

எழுதாதவர்களை இந்த முறை பிடிக்காது. நம் வீடுகளில் அவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். "ராத்திரியெல்லாம் உடம்பு தகிக்குதும்மா, முட்டி மடக்க முடியல" என்று அம்மா மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். டாக்டர் கேட்டால், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்!

மகளே, மகனே, அந்தப் பதிவை டாக்டருக்குப் போட்டுக் காட்டுங்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். குடும்பக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மூட்டுவலிக்கு உடற்பயிற்சி சொல்வார்கள், மாத்திரையை மாற்றியும் பார்ப்பார்கள். உடல் தகிப்புக்கும் மருந்து உண்டு. ஆனால் நீங்களாக வாங்கித் தர வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் பராக்சடின், டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடியது. அதனால் வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

அடுத்த செக்கப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதா? அதுவரை பொறுக்க வேண்டாம், நாளைக் காலையே மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள்.