நூல் விடும் தயிர்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரை)



"உங்க துறையைப் பத்தி ஏதாவது பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பால்வளத் துறைக்காரன். எனவே தயிரைப் பற்றிப் பேசுகிறேன். சாப்பாட்டு மணி அடிக்கும் முன் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்!

சில நாள் வீட்டில் தயிர் நூல் நூலாக இழுபடும். கரண்டியால் எடுத்தால் விளக்கெண்ணெய் மாதிரி ஒழுகும். உடனே, "பால் கெட்டுப்போச்சு", "பால்காரன் எதையோ கலந்துட்டான்" என்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கொட்டிவிடுவோம். பல சமயம் பாலும் கெடவில்லை, பால்காரரும் குற்றவாளி இல்லை. அந்த நூலை நூற்றது, நாம் ஊற்றிய உறைமோரில் இருந்த பாக்டீரியாதான்.

தயிர் எப்படிக் கெட்டியாகிறது? பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை பாக்டீரியா தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பாலின் பி.எச். 6.6 அளவிலிருந்து 4.6 வரை இறங்கும்போது, கேசின் என்ற புரதத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. அந்த வலைக்குள் தண்ணீர் சிறைப்படுகிறது. இதுதான் தயிர். வலை சற்றுச் சுருங்கினால் தண்ணீர் பிரிந்து மேலே நிற்கும். தயிரில் கரண்டி போட்ட பள்ளத்தில் மறுநாள் காலை தண்ணீர் தேங்கி நிற்கிறதே, அதுதான்.

இது எல்லாத் தயிருக்கும் பொது. சில பாக்டீரியாக்கள் இதோடு நிற்பதில்லை. லாக்டோஸை உடைத்துக் கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை அமிலமாக்கிவிட்டு, ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்துவைத்துக்கொள்கின்றன. குளுக்கோஸ், காலக்டோஸ், சிலவற்றில் ராம்னோஸ் ஆகியவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோத்துச் சிறு கண்ணியாக்குகின்றன. பிறகு அதே கண்ணியைத் திரும்பத் திரும்ப இணைத்து, நீண்ட சங்கிலியாகச் செல்லுக்கு வெளியே விடுகின்றன. பூ கட்டுகிறவர் இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம் என்று மாறாத கணக்கில் கட்டிக்கொண்டே போவது போலத்தான். இதற்கு எக்ஸோபாலிசாக்கரைடு என்று பெயர். புறச்சர்க்கரைச் சங்கிலி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சங்கிலியின் அளவு மிகக் குறைவு. ஒரு லிட்டர் தயிரில் சில பத்து மில்லிகிராம், மிஞ்சினால் சில நூறு மில்லிகிராம். அதற்கே தயிரின் குணம் மாறிவிடுகிறது. நீளமான சங்கிலி ஏராளமான தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. புரத வலையின் ஓட்டைகளை அடைத்துக்கொள்கிறது. ஆனால் அளவு கூடினால் கெட்டித்தன்மையும் அதே கணக்கில் கூடும் என்று நினைக்க வேண்டாம். சங்கிலி எவ்வளவு நீளம், எத்தனை கிளை, எவ்வளவு விறைப்பு என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. சில பாக்டீரியா இதைத் தன் உடம்பைச் சுற்றிப் போர்வையாகவே வைத்துக்கொள்ளும். தயிர் தண்ணீர் விடாது, நூலும் இழுக்காது. சில வெளியே அவிழ்த்து விடும், அதுதான் நூல்.

நாம் கொட்டுகிற இந்த நூலை ஆசையோடு தின்கிறவர்களும் இருக்கிறார்கள். பின்லாந்தில் 'வீலி' என்று ஒரு தயிர். லாக்டோகாக்கஸ் வகை பாக்டீரியாவைக் கொண்டு, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ந்த வெப்பநிலையில், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உறைய வைக்கிறார்கள். ஸ்பூனை உயர்த்தினால் கூடவே நீண்டு வரும். சுவீடனில் 'லாங்ஃபில்', பெயரிலேயே நீளம் இருக்கிறது. 1737-ல் வெளிவந்த 'ஃப்ளோரா லாப்போனிகா' என்ற நூலில் லின்னேயஸ் இப்படிப்பட்ட பாலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு செடியின் இலைதான் பாலை உறைய வைக்கிறது என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. நூல் நூற்பது பாக்டீரியா என்பது பிற்காலத்தில் தெரிந்தது.

இதற்கு ஒரு உறவினர் நம் இட்லி மாவிலேயே இருக்கிறார். லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று பெயர். சாதாரணச் சர்க்கரையைக் கொடுத்தால் டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக மாற்றும். சர்க்கரை ஆலைகளில் சாற்றைக் கொழகொழப்பாக்கிக் குழாய்களை அடைக்கும். ஆலைக்காரருக்கு எமன்! அதே டெக்ஸ்ட்ரானைச் சுத்தம் செய்து, 1940-களில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக்கினார்கள். ஓரிடத்தில் கேடு, இன்னோரிடத்தில் உயிர்காக்கும் மருந்து.

இதில் தொழில் என்ன இருக்கிறது? கொழுப்பு நீக்கிய பாலில் தயிர் தோய்த்தால் நீர்த்துப்போகும். அதைச் சரிக்கட்டப் பால் பவுடர், ஸ்டார்ச், ஜெலட்டின், பெக்டின் என்று ஏதாவது சேர்ப்பது பல நாடுகளில் வழக்கம். தகுந்த பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தால் இவற்றில் பெரும்பகுதியைக் குறைக்கலாம். கெட்டிப்படுத்தும் பொருள் தயிருக்குள்ளேயே பிறந்துவிடும். கொழுப்புக் குறைந்த மொசரெல்லா சீஸ் ரப்பர் மாதிரி ஆகாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் இதே உத்தி உதவுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. லாக்டோகாக்கஸில் இந்த வேலைக்கான ஜீன்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனித் துண்டு டி.என்.ஏ.-வில் இருக்கின்றன. திரும்பத் திரும்ப உறை மாற்றும்போது, அதுவும் வெப்பம் கூடிய சூழலில், அந்தத் துண்டு தொலைந்துபோகலாம். பாக்டீரியா உயிரோடிருக்கும், தயிரும் புளிக்கும். நூற்கிற வித்தை மட்டும் போய்விடும். எனவே நல்ல உறை கிடைத்தால், அது நல்ல நிலையில் இருக்கும்போதே உறைகுளிரில் ஒரு பங்கைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். புளிக்காத பச்சைப் பாலே நூல் விட்டால், அது வேறு கிருமியின் வேலை, கொட்டிவிடுங்கள். தயிரிலும் துர்நாற்றம், கசப்பு, வண்ணப் பூசணம் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். வாசனையும் புளிப்பும் வழக்கம்போல இருந்து நூல் மட்டும் இழுத்தால், அது பெரும்பாலும் நம் சிநேகிதர்தான்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பாட்டிமார் உறைமோரை வீட்டுக்கு வீடு கைமாற்றி, வருஷக் கணக்கில் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு பானையிலும் ஒரு தனி பாக்டீரியாக் கூட்டம் இருந்தது. இன்று பாக்கெட் தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிறோம். ஊரெல்லாம் ஒரே மாதிரி உறை. பானை போனால் பானையில் இருந்ததும் போய்விடும். கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பால் நுண்ணுயிர்களுக்கென்றே ஒரு சேமிப்பகம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பானையில் என்ன இருக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சுத்தமான சீசாவில் கொஞ்சம் உறைமோர் வாங்கி வாருங்கள். யார் வீடு, எந்த மாட்டுப் பால், எத்தனை வருஷ உறை என்று எழுதிவையுங்கள். ஆய்வகத்தில் ஊசி முனையால் தொட்டு இழுத்துப் பாருங்கள். நூல் வந்தால் உங்கள் ப்ராஜெக்ட் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. பழைய மாணவர்கள் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், அந்த சீசாக்களை வைக்க நம் துறைக்கு ஒரு நல்ல ஃப்ரீசர் வாங்கித் தர முடியாதா? இன்றே முடிவு செய்வோம்.