வானொலிக் குரலும் நம் இல்லத் தமிழும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வானொலியில் உரையாடுவோரைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். சாலைக் கடைத்தெருவில் வாழும் நமக்கும் வானொலி நிலையத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். உறவு உண்டு. அவர்களுக்கும் நமக்கும் பேச்சே முதல்.

இத்திருவனந்தபுரத்தில் 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் வானொலியைத் தொடங்கி வைத்தார். 1950 ஏப்ரல் முதல் நாள் அஃது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அதற்கு முன்னரே 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் நிலையங்கள் எழுந்து தமிழ் பேசின. நம்மிற் பலருக்குத் தாயகமாகிய நெல்லைச் சீமைக்கு 1963இலும், நாகர்கோவிலுக்கு 1984இலும் தனி நிலையங்கள் வாய்த்தன.

மேடையில் பேசுவோர்க்குக் கைதட்டல் துணை செய்யும். வானொலியில் பேசுவோரோ கேட்பவர் முகத்தையே காணார். கேட்பவர் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருப்பார். அல்லது கடையில் பேரேடு எழுதிக்கொண்டிருப்பார். சலிப்புற்றால் திருகைத் திருப்பிவிடுவார். ஆகவே சொல் ஒன்றே பேசுவோர்க்கு முகமும் கையும் ஆகிறது. இக்கலையில் சிறந்த மூவரை இங்கு நினைவுகூர்வோம்.

முதலாமவர் சரோஜ் நாராயணஸ்வாமி. தில்லியிலிருந்து பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்தவர்; 2022இல் மறைந்தார். நாடெங்கும் தமிழ் இல்லங்களில் ஒலித்த அக்குரல், மும்பையில் பிறந்து வளர்ந்த ஒருவருடையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாயகத்துக்கு வெளியே பிறந்தோர்க்குத் தமிழ் தேயும் என்பது விதியன்று.

இரண்டாமவர் இலங்கை வானொலியின் பி. எச். அப்துல் ஹமீது. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் எழுத்தொன்றைத் தந்து, அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடச் சொல்வார். பாட வந்தோர் பெரும் பாடகர் அல்லர், நம்மைப் போன்றவரே. வந்தவரை மதித்துப் பேசவைக்கும் பண்பும், எழுத்துப் பிசகாத உச்சரிப்பும் அவருடைய சிறப்பு.

மூன்றாமவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை பயின்று, திருநெல்வேலி நிலையத்தில் உழவர்க்கான நிகழ்ச்சிகளை நடத்தி, பின் சென்னை நிலையத்தில் 'இன்று ஒரு தகவல்' வழங்கியவர். 2009இல் இயற்கை எய்தினார். காலை வேளையில் சில நிமிடங்களே பேசுவார். அரிய செய்தியை எளிய கதையால் விளக்கி, இறுதியில் ஒரு நகைச்சுவையை வைப்பார். கேட்டவர் சிரிப்பர், அவர் குரலில் சிரிப்பு இராது. எழுத்தறியாப் பாட்டிக்கும் பட்டம் பெற்ற பேரனுக்கும் அஃது ஒருங்கே விளங்கியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகளிற் பலர் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் அவர்களுக்குச் செவி வழியே மட்டும் வருகிறது. ஆயினும் ஒரு நற்பேறு உண்டு. ழகரம் அவர்கள் நாவில் பிழையின்றி நிற்கிறது. மலையாளம் அதனைக் காத்துத் தந்துள்ளது. சென்னையிலே பலர்க்கு வாராத எழுத்து அஃது! நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழியை நாம் ஒருநாளும் பழியோம்.

குறைவது ஒலியன்று, சொல்லே. "நாளை எனக்கு அவதி" என்று பேரன் சொன்னால், நெல்லையிலிருந்து வந்த பாட்டி, "ஐயோ, பிள்ளைக்கு என்ன துன்பமோ?" எனப் பதறுவாள். அவன் சொன்னது பள்ளி விடுமுறையை! இதனைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆயினும் பேரனும் பாட்டியும் பேசிக்கொள்ள இயலாத நாள் வருமாயின், அன்று நாம் இழப்பது மொழி மட்டுமன்று, பாட்டியையே இழப்போம். அவள் நெஞ்சில் உள்ள ஊரும் உறவும் கதையும் அவளோடு முடியும்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் ஒரு மாலையில் இவ்வரங்கின் நடுவே ஒரு திரையிடுவோம். பிள்ளைகள் அதன் பின்னே நின்று மூன்று நிமிடம் தமிழில் பேசட்டும். முகம் தெரியாமையால் நாணம் நீங்கும், சொல்லில் கவனம் செல்லும். தவறினால் எவரும் நகைக்க வேண்டா. அவ்வாறே, நம் பெரியோர் சாலைக்கு வந்த வரலாற்றையும், அந்நாளில் கடை நடத்திய முறையையும் அவர்தம் குரலிலேயே பதிவு செய்வோம். அதற்குப் பெருநிலையம் வேண்டா. இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி போதும்.

எழுதக் கற்பித்தலும் வேண்டும். எனினும் கேட்டு மகிழாத மொழியை எந்தப் பிள்ளையும் விரும்பிப் படிக்காது. ஆகவே முதலில் பேசுவோம். நாள்தோறும் உணவு வேளையில், மூத்தவர் ஒரு செய்தி சொல்ல, இளையவர் ஒரு வினா எழுப்பட்டும். அச்சிறு உரையாடல் நிகழும் இல்லத்தில் தமிழ் தளராது.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!