காவலுக்கு நிற்பவர்களை யார் காப்பது?

பட்டம் பெறும் செல்வங்களே,

உங்களில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள், செவிலியர் இருக்கிறீர்கள், ஆய்வகப் பணிக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். வெள்ளையணுக்கள் என்ன செய்யும், எதிர்ப்புப் புரதம் எப்படி உருவாகும் என்பதையெல்லாம் தேர்வில் எழுதித் தேறிவிட்டீர்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தோலுக்கு வெளியே நடக்கிற காவலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்தக் காவலில் எப்போதும் யாரோ ஒருவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. முன்னால் நிற்பவருக்குத்தான் முதல் சேதம்.

முதலில் தேனீக்களிடமிருந்து தொடங்குகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போனால் மார்த்தாண்டம். குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை; ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தேன்பெட்டிகள் இல்லாத ஊர் அங்கே குறைவு. 1924இல் ஸ்பென்சர் ஹேட்ச் அங்கு ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தைத் தொடங்கினார். தேனீ வளர்ப்பு வீடு வீடாகப் பரவியது. பெட்டிகளில் இருந்தவை நம் இந்தியத் தேனீக்கள். 1991, 92 ஆண்டுகளில் அந்தப் பெட்டிகளுக்குள் ஒரு வைரஸ் நுழைந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் தாய் சாக்புரூட் என்று பெயர். தென்கேரளத்திலும் குமரியிலும் பத்தில் ஒன்பது பெட்டிகளுக்கு மேல் காலியாயின. தேனை நம்பிக் கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நோய் கண்ட பெட்டியிலிருந்து ஓர் அடையை வெளியே எடுத்துப் பார்த்தால், அறைக்குள் புழு மல்லாந்து கிடக்கும். தலை மட்டும் தோணியின் முனைபோல நிமிர்ந்திருக்கும். இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் முழுசாக வரும். தோல் பையாகிவிட்டிருக்கும், உள்ளே நீர். கூட்டுப்புழு ஆகும் முன்பே அது செத்துவிடுகிறது. வளர்ந்த தேனீக்களைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது.

இனிதான் நான் சொல்ல வந்தது. செத்த புழுவை அறையிலிருந்து அகற்றுவது இளம் தேனீக்களின் வேலை. புழுக்களுக்கு ஊட்டுகிற செவிலித் தேனீக்களும் அவைதாம். பையைக் கிழித்து அகற்றும்போது அதன் நீர் வாய்க்குள் போகிறது, வைரஸும் போகிறது. அப்படித் தொற்றிய தேனீ அதன் பிறகு மகரந்தம் தின்பதை நிறுத்துகிறது, புழுக்களுக்கு ஊட்டுவதையும் விட்டுவிடுகிறது. தன் வயதுக்கு முன்பாகவே வெளிவேலைக்குப் போய்விடுகிறது. அதன் ஆயுளும் குறைகிறது. வைரஸ் உடம்புக்குள் செய்யும் கோளாறுதான் இது. ஆனாலும் நோயுள்ள வாய் அடுத்த புழுவுக்கு ஊட்டாமல் விலகிப்போவதால் கூட்டுக்கு அதில் நன்மை உண்டு. தேனீக்குத் தியாக உணர்வு இருக்கிறதென்று நான் சொல்லமாட்டேன். கூட்டின் உடல்நலத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது துப்புரவுக்குப் போன தேனீ என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த நோய்க்கு மருந்து கிடையாது. தப்பிய கூடுகளைத் தேடி, அவற்றிலிருந்தே புதிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கித்தான் தேனீ வளர்ப்போர் மீண்டார்கள்.

மரச்சீனிக்கும் இதே கதைதான். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு. கடித்தால் சயனைடு வெளிவரும்படி தன்னை அமைத்துக்கொண்ட செடி அது. ஆனால் வெள்ளை ஈ கொண்டுவரும் தேமல் நோய்க்கு முன் அந்த நஞ்சு எதற்கும் உதவாது. நோயுள்ள குச்சியை ஒருவர் நட்டு, அதிலிருந்து வெட்டிய கரணையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கிப் போனால், நோயும் கூடவே போகும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தேமலைத் தாங்கும் ரகங்களைத் தந்திருக்கிறது. அதோடு நல்ல கரணையைத் தேர்ந்தெடுத்து நடுங்கள் என்றும் விடாமல் சொல்லிவருகிறது. அடுத்தவர் தோட்டம் நன்றாக இருந்தால்தான் என் தோட்டம் பிழைக்கும்.

இப்போது மனிதர்களிடம் வருகிறேன். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அம்மைத் தடுப்பு அவளிடம்தான் தொடங்கியது. அன்று குளிர்பெட்டி கிடையாது. குத்திய எட்டாம் நாள் வாக்கில் கையில் எழும் கொப்புளத்திலிருந்து அம்மைப்பாலை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். ஒரு கை தவறினாலும் சங்கிலி அறுந்துபோகும். எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்தது என்று கேட்டு மறுத்தவர்கள் இருந்தார்கள். தன் குழந்தையின் புண்ணைக் கீற விடுவதற்கு அஞ்சிய தாய்மார்கள் இருந்தார்கள். அந்த அச்சத்தை நான் குறைசொல்லமாட்டேன். இந்தத் தயக்கங்களுக்கு நடுவே, 1813இல், ராணி கௌரி லட்சுமி பாய் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் ஏற்பாட்டைத் தொடங்கினார். முதலில் அரச குடும்பத்தினருக்கே குத்தச் செய்தார். ஆட்சியில் இருப்பவர் முன்வரிசையில் வந்து கையை நீட்டியதைப் பாருங்கள். அவருக்கு அப்போது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஏறத்தாழ உங்கள் வயதுதான்.

2018 மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும், பள்ளியில் இருந்திருப்பீர்கள். கோழிக்கோட்டில் நிபா. பழந்தின்னி வௌவால் அந்த வைரஸைச் சுமந்துகொண்டு நோயின்றிப் பறக்கிறது. அதன் உடம்பு வைரஸோடு மூர்க்கமாகச் சண்டைபோடாமல் அளவோடு நிற்கக் கற்றிருக்கிறது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த ஆண்டு கேரளத்தில் 17 பேர் இறந்தார்கள். நோய் பெரும்பாலும் பரவியது மருத்துவமனைகளுக்குள். கூட்டம் நெரித்த நடைவழிகளில், நோயாளியின் அருகில் நின்றவர்களுக்கு.

ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆளும் அதே அறிகுறிகளோடு வந்தபோது மருத்துவர் அனூப் குமாரும் அவருடைய குழுவினரும் சந்தேகப்பட்டு மாதிரியை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். அந்தச் சந்தேகம் எத்தனை உயிரைக் காத்தது என்று கணக்கிட முடியாது. 2,000 பேருக்கு மேல் தேடிக் கண்டறியப்பட்டுக் கண்காணிக்கப்பட்டார்கள். 2023இல் நிபா மறுபடி கோழிக்கோட்டுக்கு வந்தபோது நோய் கண்டவர்கள் ஆறு பேர், இறந்தவர்கள் இருவர்.

ஆனால் 2018இல் அந்தச் சந்தேகம் எழுவதற்கு முன்பே, குடும்பத்தில் முதலில் நோயுற்றவருக்குப் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணிவிடை செய்துவிட்டார் செவிலியர் லினி. நோயின் பெயர் தெரியாது. உரிய பாதுகாப்பு உடையும் இல்லை. மே 21 அன்று, இரண்டு சிறு குழந்தைகளை விட்டுவிட்டு இறந்தார். அவர் நிரந்தரப் பணியில் இருந்தவர் அல்லர். கேரள அரசு இன்று சிறந்த செவிலியருக்கான விருதை அவர் பெயரில் வழங்குகிறது. அந்த விருதை நான் மதிக்கிறேன். கையுறையும் முகக்கவசமும் வேலை உறுதியும் உயிரோடு இருக்கும்போது கிடைக்க வேண்டும் என்று அதைவிட அதிகமாக விரும்புகிறேன்.

தேனீக் கூட்டில் துப்புரவுக்குப் போகும் தேனீயைக் காக்க வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ஏதோ ஒரு மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ வேலைக்குச் சேர்வீர்கள். உங்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள். நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அழுக்குப் பஞ்சு கிடக்கிற மஞ்சள் பையைத் தினமும் தூக்கிப்போகும் அக்காவுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் பட்டியலில் இல்லை என்று யாராவது சொல்வார்கள். மருத்துவமனைக் கழிவைக் கையாளும் எல்லோரையும் சேர்த்துத்தான் அந்த விதி பேசுகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். முதல் ஊசி எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு.